பெரியாஸ்பத்திரியும் அது கற்றுக்கொடுத்ததும்

திருநெல்வேலிச் சீமையில் 'பெரியாஸ்பத்திரி' என்று சொன்னால் எது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஆட்டோக்காரரிடம் 'ஹைகிரவுண்ட்' என்ற ஒரு சொல் போதும். பாளையங்கோட்டையில் உள்ள அந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருவராவது பிறந்திராத, பிழைத்திராத, கண்மூடியிராத குடும்பம் இந்த வட்டாரத்தில் அரிது. அதே பாளையங்கோட்டையில் இன்னொரு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அரசு சித்த மருத்துவக் கல்லூரி. சித்தக் கல்லூரி தொடங்கிய ஆண்டு 1964. அலோபதிக் கல்லூரி தொடங்கிய ஆண்டு 1965. ஓராண்டு இடைவெளியில், ஒரே ஊரில், இரண்டு மருத்துவ மரபுகளுக்கும் அரசு பள்ளிக்கூடம் வைத்தது.

இரண்டுக்கும் அறுபது வயது நிறைந்துவிட்டது. மனிதர்களுக்கு அறுபது நிறைந்தால் மணிவிழா எடுக்கிறோம். வந்தவர்கள் பழங்கதை பேசுகிறார்கள். இந்த இரண்டு கல்லூரிகளின் பழங்கதையும் ஊரார் வாயில் புழங்க வேண்டும். இப்போது அப்படிப் புழங்குவதாகத் தெரியவில்லை. மருத்துவமனை பற்றிப் பேச்சு எழுந்தால் புதுக் கட்டடம், படுக்கை எண்ணிக்கை, ஸ்கேன் எந்திரம் என்றுதான் போகிறது. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் தாமிரபரணிக் கரையின் மருத்துவ வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. இங்கே வேர்விட்டு நின்ற மருத்துவமனைகளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பள்ளிக்கூடம் இருந்திருக்கிறது, அல்லது மருத்துவமனையே பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

கதையைக் காய்ச்சலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் பரவியது. ஊர் ஊராக மக்கள் மடிந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அரசு காரணத்தை ஆராய மருத்துவர் குழு ஒன்றை அமைத்தது. ஐன்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி என்ற மூவரின் பெயர்களோடு அந்தக் குழுவின் அறிக்கை 1816-இல் லண்டனில் அச்சானது. இன்று மலேரியா என்று நாம் சொல்லும் நோயாகவே அது இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்து மருத்துவம் கொசுவைச் சந்தேகிக்கவே இல்லை. தேங்கிய நீரிலிருந்தும் சதுப்பு நிலத்திலிருந்தும் கிளம்பும் கெட்ட காற்றுதான் காய்ச்சலைத் தருகிறது என்பதே ஐரோப்பாவின் நம்பிக்கை. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல். சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைன் தனியே பிரித்தெடுக்கப்பட்டதே 1820-இல்தான்.

இந்தப் பள்ளத்தாக்கின் செழிப்பும் தேங்கிய நீரும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கன்னடியன், சுத்தமல்லி, மருதூர் என்று ஆற்றின் குறுக்கே அணை மேல் அணை; ஒவ்வோர் அணையிலிருந்தும் கால்வாய்; கால்வாய் நிரப்பும் குளங்கள்; குளத்தின் கீழ் முப்போகம். சோறு கொடுத்த அதே தண்ணீர் காய்ச்சலையும் கொடுத்தது. இதைக் கண்டுபிடிக்காமல் போனதற்கு அந்த மூவரைக் குறை சொல்வது நியாயமாகாது. பார்த்ததை எழுதி வைத்தார்களே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். எழுதி அச்சிட்டதால்தான் இருநூறு ஆண்டுக்கு முந்தைய நம் ஊர்க் காய்ச்சலைப் பற்றி இன்று பேச முடிகிறது.

அந்தக் குழுவில் இருந்த ஒயிட்லா ஐன்ஸ்லியைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர், சென்னைப் படையின் மருத்துவர். நம் நாட்டு மருந்துச் சரக்குகளைப் பற்றி 1813-இல் சென்னையில் ஒரு நூலை வெளியிட்டார். அதை விரித்து 1826-இல் லண்டனில் 'மெட்டீரியா இண்டிகா' என்ற பெயரில் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். சுக்கு முதல் சேங்கொட்டை வரை ஒவ்வொரு சரக்குக்கும் தமிழ்ப் பெயரையும் குறித்து, உள்ளூர் வைத்தியர்கள் அதை எதற்குத் தருகிறார்கள் என்றும் எழுதினார். தமிழ் மருத்துவ நூல்களுக்கு ஒரு பட்டியலே தந்தார். அதில் அகத்தியர் பெயரில் வழங்கும் நூல்கள் பல. தாமிரபரணி பிறக்கும் பொதிகையில் வீற்றிருப்பதாகத் தமிழர் நம்பும் அதே அகத்தியர்தான்.

அந்த வைத்தியர்களின் பெயர்களை ஐன்ஸ்லியின் நூலைப் படிப்பவர் யாரும் இன்று சொல்ல மாட்டார். யாரோ ஒரு பண்டிதர் ஏட்டைப் பிரித்துப் படித்துக் காட்டியிருப்பார். யாரோ ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரர் சரக்கை எடுத்து வைத்துப் பெயர் சொல்லியிருப்பார். கற்றுக்கொண்டவரின் பெயர் அட்டையில் நிற்கிறது. கற்றுக்கொடுத்தவர்கள் கரைந்துபோனார்கள்.

பொதிகைக்கு அந்தப் பக்கம், கேரளச் சரிவில், இது மறுபடி நடக்கப் பார்த்தது. 1987-இல் அகத்தியமலைக் காட்டுக்குள் ஆய்வுக்குப் போன அறிவியலாளர்கள், வழிகாட்டியாக வந்த காணிக்காரர்கள் ஒரு செடியின் காயை மென்றுகொண்டே களைப்பில்லாமல் நடப்பதைக் கண்டார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. இந்த முறை, அறிவைக் கொடுத்த காணி மக்களுக்கும் வருவாயில் பங்கு என்று ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. பணம் போய்ச் சேர்வதில் சிக்கல்கள் வந்தன. ஆனாலும் பழங்குடி அறிவுக்குப் பங்கு தர வேண்டும் என்ற பேச்சு உலக அரங்கில் எழும்போதெல்லாம் முதலில் காட்டப்படும் உதாரணங்களில் அது ஒன்றாகிவிட்டது. காணிக் குடியிருப்புகள் மலையின் இந்தப் பக்கத்திலும், பாபநாசத்துக்கு மேலே காரையாறு வட்டாரத்தில் இருக்கின்றன. பொதிகையின் மூலிகை அறிவைப் பாடமாக எழுதும்போது அந்தக் குடியிருப்புகளின் பெயரும் பாடப்புத்தகத்தில் இருப்பது முறை.

ஆற்றோடு கீழே இறங்கினால், ஆழ்வார்திருநகரிக்குத் தெற்கே நாசரேத். சாண்பத்து என்ற பழைய பெயர் மறைந்து, மிஷனரிகள் வைத்த பெயர் நிலைத்துவிட்ட ஊர். எஸ்.பி.ஜி. மிஷனைச் சேர்ந்த ஜே.எம். ஸ்ட்ராக்கன் என்ற பாதிரியார் மருத்துவமும் கற்றவர். 1870-இல் அவர் இங்கே தொடங்கிய மருத்துவமனைதான் தூய லூக்கா மருத்துவமனை. ஸ்ட்ராக்கன் பின்னாளில் ரங்கூன் பிஷப்பாகப் போய்விட்டார். 1876-இல் நாசரேத்துக்கு வந்த ஆர்தர் மர்காஷிஸ், 1908-இல் இறக்கும் வரை அந்த ஊரிலேயே இருந்தார். அவர் வந்ததும் தாது வருடப் பஞ்சம் பிடித்தது. பஞ்சத்தின் பின்னாலேயே காலராவும் வந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு விடுதி, விடுதிப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் பள்ளி என்று மருத்துவமனையைச் சுற்றிப் பள்ளிக்கூடங்கள் முளைத்தன. தேரிக்காட்டு ஓரத்துச் சிற்றூர் ஒன்று படித்தவர்களின் ஊராக மாறியதற்கு இந்தச் சேர்க்கை ஒரு முக்கியக் காரணம்.

மதம் மாற்றத்தானே வந்தார்கள் என்று ஒரு கேள்வி உண்டு. ஆம், அந்த நோக்கத்தை அவர்கள் மறைக்கவும் இல்லை. காலராவில் கிடந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்த கையை அதற்காக வரலாற்றிலிருந்து வெட்டிவிட முடியாது.

இங்கே கடல் தாண்டி ஒரு எட்டு யாழ்ப்பாணம் போய்வர வேண்டியிருக்கிறது. 1847-இல் அங்கே வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். கொஞ்ச காலத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்: கிராமத்துக்குப் போகும் மருத்துவர் கிராமத்து மொழியில் படித்திருக்க வேண்டும். தானே தமிழ் கற்று, மாணவர்களைக் கொண்டு உடற்கூறு, அறுவை, மகப்பேறு, மருந்தியல் நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். அவரிடம் படித்து வெளியேறியவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் தமிழ்வழி படித்தவர்கள்தான் தமிழில் நவீன மருத்துவம் கற்ற முதல் தலைமுறை. அந்த முயற்சி அவரோடு தளர்ந்துபோனது பெரிய இழப்பு. இன்று தமிழக அரசு மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கும்போது, நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே மானிப்பாயில் இந்த வேலை நடந்திருக்கிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், அன்றைய திருவிதாங்கூரில், நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனை 1838-இலேயே தொடங்கிவிட்டது. 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன அணியில் இருந்த ஹோவார்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், ஊர் திரும்பும் முன் நெய்யூரைப் பார்க்க வந்தார். வரிசையில் காத்துக் கிடந்த நோயாளிகளைப் பார்த்தவர், லண்டனில் தனக்குக் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு நெய்யூருக்கே பணியாற்ற வந்துவிட்டார். தென்கோடி மக்களை வாட்டிய குடல்புண்ணுக்கு அவர் செய்த அறுவைகள் மருத்துவ உலகில் பேசப்பட்டன. பிற்காலத்தில் வேலூர் மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார். கையில் இருந்த தொழிலை அடுத்தவர் கைக்கு மாற்றிவிட்டுத்தான் போனார்.

பெண்களின் பங்கைத் தனியே சொல்லாவிட்டால் இந்தக் கதை பாதிதான். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்வெயின்சன் அம்மையாரின் முயற்சியால் காது கேளாதோருக்கும் பள்ளி வந்தது. குணமாக்க முடியாத குறைக்கும் கல்வி என்ற மருந்து உண்டு என்று இந்த ஊர் அப்போதே கண்டுகொண்டது. களக்காட்டுக்கு அருகே டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1901 முதல் ஆதரவற்ற பெண் குழந்தைகளை வளர்த்தார். 1920-களின் இறுதியில் அங்கே ஒரு மருத்துவமனை எழுந்தது. 'பரம சுக சாலை' என்று அழகான தமிழ்ப் பெயர் வைத்தார்கள். மர்ரே வெப்-பெப்லோ போன்ற மருத்துவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள். ஆனால் வார்டில் இரவு விழித்திருந்தவர்கள் பெரும்பாலும் அந்த இல்லத்திலேயே வளர்ந்த பெண்கள். நோயாளியாகவோ அனாதையாகவோ வாசலுக்கு வந்தவளே பின்னாளில் தாதியாக நின்றாள்.

இனி, பாளையங்கோட்டையின் இரண்டு கல்லூரிகள்.

சித்த மருத்துவத்துக்கு ஏடு உண்டு, குரு உண்டு, வாரிசு உண்டு. வெளியாளுக்குத் திறந்த வாசல் கிடையாது. மகனுக்கும் மருமகனுக்கும் மட்டும் சொல்லப்பட்ட முறைகள் எத்தனையோ. வாரிசு வேறு வேலைக்குப் போனால் அந்த முறை அவரோடு போயிற்று. 1921-இல் சென்னை மாகாண அரசு அமைத்த முகமது உஸ்மான் குழு, நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்ந்து 1923-இல் அறிக்கை தந்தது. அதன் தொடர்ச்சியாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் நவீன மருத்துவத்தோடு சேர்த்துக் கற்பித்த அந்தப் பள்ளி கீழ்ப்பாக்கத்தில் வளர்ந்து கல்லூரியானது. 1960-இல் அதே இடம் நவீன மருத்துவத்துக்கான கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக மாறிவிட்டது. சித்த மருத்துவத்தைக் கல்லூரியில் படிக்க வழியில்லாத அந்த நிலையில்தான், 1964-இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவத்துக்கென்றே அரசுக் கல்லூரி பிறந்தது.

பொதிகை பக்கத்தில் இருக்கிறது, மூலிகை கிடைக்கும் என்பது இந்த ஊருக்கு இயல்பான பொருத்தம். அதைவிடப் பெரிய விளைவு ஒன்று இருக்கிறது. வைத்தியர் வீட்டில் பிறக்காத பிள்ளை, எந்தச் சாதியாக இருந்தாலும், பெண்ணாக இருந்தாலும், விண்ணப்பம் போட்டுச் சித்த மருத்துவம் படிக்கலாம் என்று ஆனது. ஏட்டில் பூட்டிக் கிடந்தது கரும்பலகைக்கு வந்தது. நெல்லையில் நடந்த சமூக மாற்றங்களைப் பட்டியலிடும்போது இதை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

அலோபதிக் கல்லூரியின் கதை வேறு விதம். டாக்டராக ஆசைப்பட்ட நெல்லைப் பிள்ளைக்கு வெகுகாலம் சென்னைதான் கதி. 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி, அடுத்து ஸ்டான்லி. 1954-இல் மதுரைக்குக் கல்லூரி வந்தபோது தூரம் பாதிக்கும் கீழே குறைந்தது. 1965-இல் செங்கல்பட்டோடு திருநெல்வேலிக்கும் வந்தது. அதோடு ஹைகிரவுண்ட் மருத்துவமனை கற்பிக்கும் மருத்துவமனையானது. கட்டடம் பெரிதானதைவிட, அதன் குணம் மாறியதுதான் முக்கியம்.

சாதாரண ஆஸ்பத்திரியில் நோயாளியை ஒரு டாக்டர் பார்ப்பார், எழுதிக் கொடுப்பார், முடிந்தது. கற்பிக்கும் மருத்துவமனையில் அதே நோயாளியை முதலில் ஹவுஸ் சர்ஜன் கேட்டு கேஸ் ஷீட் எழுதுவார். பட்டமேற்படிப்பு மாணவர் அதைத் திருத்துவார். உதவிப் பேராசிரியர் பார்ப்பார். காலையில் சீஃப் ரவுண்ட்ஸ் வரும்போது மாணவர் கூட்டமே கட்டிலைச் சுற்றி நிற்கும். 'ஏன் இந்த மருந்து?' என்று சீஃப் கேட்பார். அந்த 'ஏன்' இருக்கிறதே, அதுதான் நோயாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடிப்பார். இறப்பு நேர்ந்தால் அதையும் பேசித் தீர வேண்டும். 'எத்தனை பேருதான் வந்து கேப்பீக' என்று கட்டிலில் கிடக்கும் பெரியவர் சலித்துக்கொள்வது நியாயம்தான். அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொண்டு அவர் கொடுக்கும் பதில்களில்தான் ஒரு தலைமுறை மருத்துவர்கள் உருவானார்கள்.

அந்தப் பதில்களின் மொழியும் சாதாரணமானதல்ல. 'மண்டையிடி', 'மேலு காயுது', 'கிறக்கமா வருது', 'சோறு செல்ல மாட்டேங்கு', 'நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுதுய்யா' என்று சொல்லும் கிழவியிடம் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். நகரத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு வந்த மாணவருக்கு முதல் மாதத்தில் இது அயல்மொழி. ஆறாவது மாதத்தில் 'கிறக்கம்' என்று அவள் சொல்வது தலைச்சுற்றலா, சோர்வா, மயக்கமா என்று பிரித்துக் கேட்கத் தெரிந்துவிடும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடம் இது. வார்டில் மட்டுமே கிடைக்கும்.

வார்டில் கூர்ந்து பார்ப்பதால் உலகத்துக்கே பயன்பட்ட உதாரணம் கொங்கணத்தில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் ஹிம்மத்ராவ் பவஸ்கர் என்ற மருத்துவர் தேள் கடித்து வந்தவர்களை இரவு பகலாகப் பக்கத்திலேயே இருந்து கவனித்தார். பிரசோசின் என்ற ரத்த அழுத்த மருந்து அவர்களைக் காப்பாற்றுவதை 1980-களில் எழுதினார். உலகின் மதிப்பு மிக்க மருத்துவ இதழான 'லான்செட்' அதை வெளியிட்டது. வயல் வேலையில் பாம்பு கடித்து, வரப்பிலிருந்து நேரே ஹைகிரவுண்டுக்குத் தூக்கிவரப்படும் நோயாளிகள் நெல்லைக்கு அன்றாடக் காட்சி. அறுபது ஆண்டு கேஸ் ஷீட்டுகளில் அந்த அனுபவம் எவ்வளவு சேர்ந்திருக்கும்! ஒழுங்காகக் காப்பாற்றி வைத்தால் அது ஒரு சுரங்கம்.

காய்ச்சலும் இந்தப் பள்ளத்தாக்கை விடவில்லை. 2012-இல் கடையநல்லூரிலும் சுற்றுப்புறத்திலும் டெங்கு கடுமையாகப் பரவியது. அப்போதுதான் நிலவேம்புக் குடிநீரை அரசே ஊர் ஊராகக் கொடுக்கத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, தமிழகத்தில் தொடக்கத்திலேயே பரிசோதனை நடத்திய சில அரசு ஆய்வகங்களில் நெல்லை மருத்துவக் கல்லூரியின் ஆய்வகமும் ஒன்று. கபசுரக் குடிநீர் வீட்டுக்கு வீடு கொதித்தது. பாராசிட்டமாலும் கஷாயமும் ஒரே நாளில் ஒரே ஆள் குடித்த காலம் அது. மக்கள் இரண்டையும் நம்புகிறார்கள். இரண்டுக்கும் நடுவே அவர்களுக்குச் சுவர் இல்லை. இந்தக் குடிநீர்கள் எந்த அளவு பயன் தருகின்றன, யாருக்குத் தரக் கூடாது என்பது பக்தியாலும் முடிவாகாது, ஏளனத்தாலும் முடிவாகாது. ஒரே மாதிரியான நோயாளிகளை இரு பிரிவாக்கி, மாதக்கணக்கில் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரே ஊரில் இரண்டு அரசுக் கல்லூரிகளையும், இரண்டையும் நம்பி வரும் நோயாளிகளையும் வைத்திருக்கும் பாளையங்கோட்டையைவிட அப்படி ஓர் ஆய்வுக்குப் பொருத்தமான இடம் எது? அடுத்த டெங்கு வருமுன் இரு கல்லூரி ஆசிரியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆய்வுத் திட்டத்தை எழுதி வைத்துவிட வேண்டும். காய்ச்சல் வந்த பிறகு எழுத நேரம் இருக்காது.

கற்றுக்கொடுப்பதால் ஒரு மருத்துவமனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த மண்ணின் பிள்ளை ஒருவரே சாட்சி. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் கோ. வெங்கடசாமி. பிள்ளைப்பேற்றில் உறவுப் பெண்கள் அடுத்தடுத்து இறந்ததைச் சிறு வயதில் கண்டதுதான் மருத்துவம் படிக்கத் தூண்டியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஸ்டான்லியில் படித்து ராணுவத்தில் சேர்ந்தவரை முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் வளைந்து கோணின. மகப்பேறு மருத்துவராகும் ஆசையை விட்டு, கண் மருத்துவத்துக்கு வந்தார். தனக்கேற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டு அந்த வளைந்த விரல்களாலேயே லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 58-ஆவது வயதில், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-இல் திருநெல்வேலிக்கும் அது வந்தது.

அரவிந்த் என்றதும் இலவச அறுவையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அது எப்படிச் சாத்தியமானது என்பதில்தான் பாடம் இருக்கிறது. பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, பார்வை சோதிப்பதிலிருந்து அறுவை அரங்கில் துணை நிற்பது வரை அவர்கள் கையில் ஒப்படைத்தார்கள். டாக்டரின் நேரம் டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு மிஞ்சியது. கண்புரை அறுவைக்கு வரும் தாத்தாவின் கையைப் பிடித்து அழைத்துப் போகும் பெண் அவருடைய பேத்தியின் ஊர்க்காரியாக இருப்பாள். அவர் பேச்சு அவளுக்குப் புரியும், அவள் பேச்சு அவருக்குப் புரியும். டோனாவூர் வார்டில் நடந்தது இங்கே இன்னும் பெரிய அளவில் நடந்தது.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் தென்காசி.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகருக்குக் கிடைத்தது, தென்காசிக்குக் கிடைக்கவில்லை. நெல்லையில் 2019 ஜனவரியில் உயர் சிறப்புப் பிரிவுக் கட்டடம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 250 பேர் எம்.பி.பி.எஸ். சேரும் பெரிய கல்லூரியாக அது வளர்ந்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் செங்கோட்டையிலோ கடையநல்லூரிலோ நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்கு முடிவில் கிடைக்கும் சொல் 'ஹைகிரவுண்டுக்கு ரெஃபர்' என்பதாகத்தான் இருக்கிறது. தென்காசியிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மூளையில் ரத்தம் அடைத்தவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் பேச்சும் நடையும்.

கல்லூரி திறந்தால் மட்டும் போதுமா, பேராசிரியர்கள் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்வி. ஆசிரியர் இல்லாத கல்லூரி, பலகை மாட்டிய கட்டடம் மட்டும்தான். அதனால்தான் முதலில் கேட்க வேண்டியது தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையைக் கற்பிக்கும் இடமாக்குவது. பட்டமேற்படிப்பு மருத்துவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. மாவட்ட மருத்துவமனைகளிலேயே டி.என்.பி. என்ற பட்டமேற்படிப்பை நடத்தவும் வழி இருக்கிறது. இரண்டையும் தென்காசியில் முழுதாகப் பயன்படுத்தி, பாளையங்கோட்டை ஆசிரியர்கள் முறைவைத்துப் போய்க் கற்பித்தால், ஹவுஸ் சர்ஜனும் 'ஏன்' என்று கேட்கும் சீஃபும் உள்ள வார்டு குற்றால மலையடிவாரத்தில் உருவாகும். கல்லூரிக்கான அரசாணை வரும் நாளில், கற்பித்துப் பழகிய ஒரு மருத்துவமனை அங்கே தயாராக இருக்கும்.

கூடவே செய்ய வேண்டிய இன்னொரு வேலைக்குப் பெரிய நிதி வேண்டாம். இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து ஓர் ஆவண அறை வைக்கலாம். பழைய பதிவேடுகள், வகுப்புப் புகைப்படங்கள், கைவிட்ட கருவிகள், முதல் வகுப்பின் வருகைப் பதிவு, சித்தக் கல்லூரியில் தொடக்க காலத்தில் கைப்பட எழுதப்பட்ட பாடக்குறிப்புகள். பேராசிரியர்களின் படங்கள் மட்டும் சுவரில் இருந்தால் போதாது. மருந்து கலந்த கம்பவுண்டர், பிரசவ வார்டில் முப்பது ஆண்டு நின்ற தாதி, மலையிலிருந்து மூலிகை கொண்டுவந்து போட்டவர், பிணவறையில் வேலை செய்தவர் எல்லார் பேச்சும் அங்கே இருக்க வேண்டும். ஐன்ஸ்லிக்குச் சரக்கின் பெயர் சொன்ன வைத்தியருக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேரக் கூடாது.

1965-இல் ஹைகிரவுண்டில் முதல் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. அதற்கு ஓராண்டு முன் சித்தக் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கும் அதே வயதுதான். அவர்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் யார், முதல் ரவுண்ட்ஸில் எந்த வார்டுக்குப் போனார்கள், முதன்முதலில் கையில் வாங்கிய குழந்தை எந்த ஊர்க் குழந்தை என்று கேட்டுப் பதிவு செய்ய ஒரு கைப்பேசியும், இரண்டு கல்லூரிகளிலிருந்தும் தலைக்கு இரண்டு மாணவர்களும் போதும். அடுத்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.